பல்கேரியாவுக்குப் போட்ட கோஷம்

"கண்ணை மூடுங்க தாத்தா, நான் வந்து சொல்றவரைக்கும் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். மருந்து எரிகிறது. எரியும் என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு எதையும் யாரும் முன்கூட்டியே சொன்னதில்லை, எல்லாம் நடந்து முடிந்து ஆறிப்போன பிறகுதான் என் காதுக்கு வரும், அப்படி ஒரு ஜாதகம். கண்ணில் புரை, ஆபரேஷன். இடது கண்ணுக்கு மேலே நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள், எந்தக் கண் என்று டாக்டருக்கு மறந்துவிடக் கூடாதாம். கருமணி நன்றாக விரிய வேண்டும் என்று சொட்டு விட்டு, பத்துப் பதினைந்து பேரை இந்த நீளப் பெஞ்சில் கோழிகளைப் போல வரிசையாக உட்காரவைத்திருக்கிறார்கள். கண்ணை மூடினால் இருட்டிவிடும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஜன்னல் வெயில் இமையைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது, எல்லாம் ஒரே சிவப்பு. ஆயுசுக்கும் பார்த்த சிவப்பு போதாதென்று இது வேறு. இருளாயி டீ வாங்கப் போயிருக்கிறாள். "எந்திரிச்சு எங்கயும் போயிராதீக" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு நான் எங்கே போவேன் என்றேன். "நீங்க கண்ணை மூடிக்கிட்டுத்தான எல்லா எடத்துக்கும் போனீக" என்று சொல்லிக்கொண்டே செருப்பை இழுத்து இழுத்துப் போனாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இந்த வயசிலும் ஊசியில் ஒரே குத்தில் நூல் கோத்துவிடுவாள். பேச்சும் அப்படித்தான்.

பெஞ்சின் அந்தக் கோடியில் யாரோ பேப்பர் வாசிக்கிறான். இங்கே பேப்பர் வாசிக்கிறவன் என்றால் துணைக்கு வந்தவனாகத்தான் இருக்க வேண்டும். "ரஷ்யாவுல கொடியை இறக்கிட்டாங்களாமப்பா." "யாரு கொடியை?" "அவங்க கொடியத்தான்." "எதுக்காம்?" "கடையைக் கட்டிட்டாங்க, அம்புட்டுத்தான்." "எங்க ஊர் மந்தையில ஏழு கொடிக்கம்பம் நிக்கிது, ஒண்ணை இறக்க ஆளக் காணோம்." சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருப்பேன், உதடு காய்ந்து கிடக்கிறது. இந்தச் செய்தியைக் கேட்டால் வயிறு எரியும் என்று நினைத்திருந்தேன், இப்போது கண் மட்டும்தான் எரிகிறது. அந்தக் கொடியை நான் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. மில் வாசலில் ஏற்றிய கொடிதான் என்னுடையது, அதை ஏற்றினதற்கு வாங்கின அடிதான் என்னுடையது. முதுகில் மேல் எலும்புக்குப் பக்கத்தில் மார்கழிக் குளிருக்கு இன்னும் குத்துகிறது. அங்கே இறக்கினால் இங்கே குத்து நிற்கவா போகிறது? தூங்கிப்போனால் நல்லது என்று தலையைச் சுவரில் சாய்த்தேன். தலைக்கு மேல் ஃபேன் டக் டக் என்று ஓடுகிறது, எண்ணெய் கேட்கிற சத்தம். மில்லில் இப்படி ஒரு சத்தம் வந்தால் மேஸ்திரி யாரையாவது ஏசுவான். அப்போதுதான், "எவ்வளவு நேரம்மா இப்படி இருக்கணும்?" என்று ஒரு குரல்.

ஒரு கேள்விதான். எனக்குத் தெரிந்துவிட்டது. மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பழகின குரல், பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் கேட்டாலும் நமக்குப் பின்னால் நிற்கிற யாரிடமோ கேட்பது போல இருக்கும். "பேரு என்ன சார்?" "பத்மநாபன்." "உக்காருங்க சார், கண்ணைத் திறக்கக் கூடாது." பெஞ்சு முனகியது, ஒரு தொடை என் தொடையில் இடித்து, மன்னிக்கணும் என்று விலகியது. இந்த மதுரையில் இத்தனை பெஞ்சு இருக்கிறது, இந்த ஆஸ்பத்திரியிலேயே நாலு பெஞ்சு இருக்கிறது. மில்லை விட்ட பிறகு அவர் இருக்கிற தெருவில் நான் கால் வைத்ததில்லை. எதிரே வந்தால் டீக்கடையில் நுழைந்து வேண்டாத டீயைக் குடித்திருக்கிறேன். கட்சி இரண்டாக உடைந்தபோது ஏன் உடைந்தது என்று இரண்டு பக்கத்தாரும் எனக்குச் சொன்னார்கள், மணிக்கணக்காகச் சொன்னார்கள், நானும் தலையை ஆட்டினேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், பத்மநாபன் எந்தப் பக்கம்? அதைக் கேட்டுக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். உறுதியான தோழர், கொள்கையில் சமரசமே கிடையாது என்று என்னைப் பற்றிப் பேசினார்கள். அது கொள்கை இல்லை, வன்மம். வன்மமும் ஒரு மாதிரி உறுதிதான். மனசுக்குள் எத்தனையோ தடவை அவன் இவன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஆனால் நினைப்பு வேகமாக ஓடும்போது அவர் என்றுதான் வந்துவிடுகிறது. அதுவும் ஓர் எரிச்சல்.

அவரிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். கிழவன் சுருக்குப் பையில் வெற்றிலை வைத்திருப்பது போல இத்தனை வருஷம் வைத்திருக்கிறேன். கேட்டிருக்கலாம். ஜெயிலிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்றுதான் கேட்கவில்லையோ என்னவோ. இல்லை, அப்படியெல்லாம் இல்லை, சமயம் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் கண் மூடியிருக்கிறது, அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, என் முகத்தை அவர் பார்க்கப்போவதில்லை, இதைவிட நல்ல சமயம் எது? அன்றைக்குக் காலையில் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இவ்வளவுதான். சின்னக் கேள்விதான். கேட்பதென்றால் முதலில் இருந்து வர வேண்டும். இல்லை, முதலில் இருந்து வந்தால் பிள்ளையில் இருந்து வர வேண்டும்.

பிள்ளை பிறந்தது வெள்ளைக்காரன் போன வருஷம். அப்போதெல்லாம் தோழர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கோயிலில் பேர் வைப்பதில்லை. பொதுக்கூட்டத்தில் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தலைவர் கையில் கொடுப்போம், அவர் மைக்கில் பேர் சொல்லுவார், கூட்டம் கை தட்டும், பிள்ளை பயந்து அழும். திலகர் திடலில் பத்மநாபன் என் பிள்ளையைக் கையில் வாங்கினார். அவர் வக்கீல் வீட்டு மகன், பிள்ளையைத் தூக்கத் தெரியாது, தாம்பாளத்தை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு, மலைமேல் நின்று ஹிட்லரின் படையை விரட்டிய யூகோஸ்லாவியத்து வீரன் டிட்டோவின் பேரை இந்தத் தொழிலாளி மகனுக்குச் சூட்டுகிறேன் என்றார். கை தட்டல். எனக்கு நெஞ்சு இத்தனை அகலம். யூகோஸ்லாவியா என்று எனக்குச் சொல்லக்கூட வராது. கீழே பெண்கள் பக்கம் நின்ற இருளாயியிடம் பிள்ளையைக் கொடுத்து, டிட்டோ என்றேன். "அப்படின்னா?" "பேரு." "மனுசப் பேரா?" என்று கேட்டாள். அவள் கருப்பா என்றுதான் கூப்பிட்டாள், அவர்கள் குலசாமி பேர். நான் இருக்கும்போது சும்மா இருப்பாள். நான் ஷிப்டுக்குப் போனதும் கருப்பா, என் கருப்பா என்று மில்காரர்களின் லைன்வீடு முழுக்கக் கேட்கும்.

அடுத்த வருஷம் கட்சிக்காரர்களைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பத்மநாபன் தலைமறைவு. ஒரு நாள் மத்தியானம் வளையல்காரர் ஒருவர் லைன்வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார், தலையில் முண்டாசு, தோளில் வளையல் சரம். இருளாயி கையை நீட்டிவிட்டாள். நான்தான் குரலைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு, "சோலை, பையன் பேரை மாத்தணும்" என்றார். டிட்டோ துரோகி ஆகிவிட்டானாம், மாஸ்கோ அவனை விலக்கிவிட்டதாம், இனிமேல் பல்கேரியாவின் திமித்ரோவ். அவர் ஜெர்மன் கோர்ட்டில் தன்னந்தனியாக நின்று நாஜிகளைக் கேள்வி கேட்டு மடக்கியவர், மாற மாட்டார் என்றார். போலீஸ் தெருத் தெருவாகத் தேடுகிறது, தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது, இந்த மனுஷன் என் பிள்ளைக்குப் பேர் மாற்ற வெயிலில் நடந்து வந்திருக்கிறார். அப்போது எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது! இருளாயி முறத்தைக் கீழே வைத்தாள். "இந்த ஆளும் நாளைக்கு என்னமாச்சும் செஞ்சுட்டா?" என்று கேட்டாள். "செய்ய மாட்டார்மா." "நீங்க பாத்திருக்கீகளா அவரை?" பத்மநாபன் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "நீங்க ரெண்டு பேரும் எந்தப் பேரை வேணாலும் வச்சுக்கங்க. வளையலையாச்சும் போட்டு விட்டுட்டுப் போங்க, நீட்டின கைய வெறுங்கையா மடக்கக் கூடாது" என்றாள். அவருக்கு வளையல் போடத் தெரியவில்லை, பச்சை வளையல் இரண்டு அவள் கையிலேயே உடைந்தது. அது அப்போதே அபசகுனம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்று சொல்லிக்கொண்டேதான் இத்தனை வருஷமும் அந்த வளையல் உடைந்த சத்தத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"ரஷ்யாச் சமாச்சாரம் வாசிச்சாங்களே, கேட்டீங்களா?"

என்னிடம்தான். ம் என்றேன். வாயைத் திறந்தால் கண்டுபிடித்துவிடுவார், ஊர்வலத்தில் கோஷம் போட்ட தொண்டை இது. சோலைமலை தொண்டையைத் திறந்தால் மில் சங்கு தேவையில்லை என்பார்கள்.

"உங்களுக்கு எந்த ஊர்?"

மூக்கால் பேசினேன். "உசிலம்பட்டிப் பக்கம்."

"விவசாயமா?"

"ஆமா."

"சொந்த நிலமா, குத்தகையா?"

ஏர்க்காலை இந்தக் கையால் தொட்டதில்லை. "கூலி" என்றேன்.

"சங்கம் இருக்கா உங்க ஊர்ல?"

"இல்ல."

"வைக்கணும்" என்றார் பத்மநாபன்.

ரஷ்யாவில் கொடியை இறக்கிவிட்டார்கள். இவர் கண்ணில் மருந்தோடு, நெற்றியில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்துகொண்டு உசிலம்பட்டிப் பக்கம் சங்கம் வைக்கணும் என்கிறார். சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்து இந்த மனுஷன் தனக்கென்று ஒரு சட்டைத் துணி எடுத்ததில்லை, அப்பன் சொத்தைப் பத்திரிகைக்கும் வழக்குக்கும் விற்றார், கல்யாணம் கட்டவில்லை. இப்போது அக்காள் மகள் வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறார் என்று கேள்வி. நான் இன்றைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன் என்றால் அதுவும் ஜெயிலில் அவர் கொடுத்ததுதான். கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். கெட்டவனை ஒரு தடவை ஏசிவிட்டு மறந்துவிடலாம். நல்லவன் செய்ததை மறக்கவே முடிவதில்லை, அது உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது, பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி.

என்னை மில் வாசலில் பிடித்தார்கள், அவரை வேறெங்கோ பிடித்தார்கள், இரண்டு பேரும் ஒரே ஜெயிலில் போய்ச் சேர்ந்தோம். உள்ளே கட்சிக் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர். வெளியில் இருந்து எந்தச் செய்தி வந்தாலும் ஒரு வார்டர் மூலமாக அவரிடம்தான் வரும், அவர் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும், அதுதான் ஏற்பாடு. உண்ணாவிரதம் ஆரம்பித்தோம். அரசியல் கைதி என்று நடத்த வேண்டும், பேப்பர் தர வேண்டும், வீட்டு ஆட்கள் மனுப்போட்டுப் பார்க்க விட வேண்டும். வீட்டு ஆட்களைப் பார்ப்பதற்காக உண்ணாவிரதம், உண்ணாவிரதம் இருந்ததால் வீட்டு ஆட்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். இதை நினைத்தால் இப்போதும் தலை சுற்றும். இனி கட்சியில் இல்லை என்று கையெழுத்துப் போடுகிறவன் அப்போதே வெளியே போகலாம் என்று சூப்பிரண்டு சொல்லியிருந்தார். முதல் இரண்டு நாள் வயிறு பிடுங்கும், பிறகு பிடுங்காது, வாய் மட்டும் கசக்கும், நாக்கு மரப்பட்டை மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் காலையில் எங்களை எல்லாம் எழுப்பி வராந்தாவில் நிறுத்தினார் பத்மநாபன். தோழர் திமித்ரோவ் காலமாகிவிட்டார் என்றார். எனக்கு ஒரு நொடி என் பிள்ளைதான் நினைவுக்கு வந்தான், உடனே அவரே, பல்கேரியாவின் மாபெரும் தலைவர் என்றார், மூச்சு வந்தது. நிற்க முடியாதவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் பேசினார். ரோஜாப்பூ விளைகிற நாடு என்றார், அதைப் பிழிந்து தைலம் எடுக்கிறார்கள் என்றார். நிலக்கோட்டைப் பூச்சந்தை மாதிரி ஒரு நாடு என்று நான் நினைத்துக்கொண்டேன், சாக்குச் சாக்காகப் பூ, நடுவில் அந்த மனுஷன் படுத்திருக்கிறார். பேசி முடித்துவிட்டு, "கோஷம் சோலை போடட்டும்" என்றார். சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தார்.

அந்தக் கை. அங்கேதான் எனக்குச் சிக்குகிறது. அதுவரைக்கும் அவர் யார் தோளிலும் கை வைத்து நான் பார்த்ததில்லை, தொட்டுப் பேசுகிற ஆள் இல்லை. கை வைத்தது மட்டுமில்லை, எடுக்கவும் இல்லை, நான் கோஷம் போட்டு முடிக்கிறவரைக்கும் அது அங்கேயே கிடந்தது, கனமாக, ஈரமாக. எதற்கு? ஒரு பல்கேரியனுக்காகவா? நான் தொண்டையைத் திறந்தேன். பட்டினித் தொண்டை கிழிந்துவிடும் போல இருந்தது. சாகவில்லை, சாகவில்லை, தோழர் திமித்ரோவ் சாகவில்லை! எல்லாரும் திரும்பச் சொன்னார்கள். சாகவில்லை, சாகவில்லை! அடுத்த பிளாக்கில் இருந்த திருட்டுக் கைதிகள்கூடச் சேர்ந்து கத்தினார்கள். கத்தும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெரிய திமித்ரோவ் போய்விட்டார், இனி இந்த உலகத்தில் அந்தப் பேருக்கு என் பிள்ளை இருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இன்னும் ஓங்கிக் கத்தினேன். திமித்ரோவ் சாகவில்லை.

உண்ணாவிரதம் முடிந்த அன்றைக்கு எலுமிச்சைச் சாற்றைக் குடித்து முடித்த பிறகு பத்மநாபன் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், "மனசைத் திடப்படுத்திக்கோ சோலை, வீட்ல இருந்து செய்தி வந்திருக்கு" என்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, மூளைக்கு ஏறி, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் வழியிலேயே. செய்தி எப்போது வந்தது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கையில் டம்ளர் இருந்தது, அதன் அடியில் ஓர் எலுமிச்சை விதை கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இருளாயி ஜெயில் வாசலுக்கு வந்தாளாம். காலையில் இருந்து வெயில் சாயும்வரை நின்றாளாம். மனு கிடையாது என்று விரட்டினார்களாம். கடைசியில் அந்த வார்டர் வந்து, "சொல்லியாச்சும்மா, உள்ள சொல்லியாச்சு, நீ போ" என்றானாம். அவள் எனக்குச் சொல்லியாச்சு என்று எடுத்துக்கொண்டாள். அவள் வந்தது எங்கள் இரங்கல் கூட்டத்துக்கு முந்தியா பிந்தியா என்பதுதான் எனக்குத் தெரியாது. அவளுக்கு நாள் கிழமை எதுவும் நினைவில்லை. பிள்ளை செத்த வாரத்தில் எவளுக்குக் கிழமை தெரியும்? வாய்க்கால் ஓரம் லைன்வீட்டு ஆட்களே புதைத்தார்கள். பிறகு அந்த இடத்தில் லாரி ஷெட் வந்துவிட்டது. அந்தப் பல்கேரியனை மட்டும் மருந்து ஏற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாளிகை கட்டினார்கள், நாற்பது வருஷம் ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். போன வருஷமோ என்னவோ அவரையும் எடுத்து எரித்துவிட்டார்கள் என்று பேப்பரில் ஓரமாகப் போட்டிருந்தான். அன்றைக்குத்தான் அந்த மனுஷன் மேல் எனக்கு முதன்முதலாக இரக்கம் வந்தது. அவர் என்ன செய்வார், அவரைக் கேட்டா அவர் பேரை எடுத்து வைத்தோம்?

விடுதலையாகி வீட்டுக்கு வந்தபோது இருளாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது இருளாயி, சத்தியமாக அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்து நான் உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை என்றேன். அவள் முறத்தை நிறுத்தவில்லை. "சரி" என்றாள். அவ்வளவுதான். அந்தச் சரியோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். பிறகு பிறந்த இரண்டு பெண்களுக்கும் அவளே பேர் வைத்தாள், என்னைக் கேட்கவில்லை. ஏசியிருந்தால் பதில் ஏசியிருப்பேன், அழுதிருந்தால் சேர்ந்து அழுதிருப்பேன், சரி என்கிறவளை என்ன செய்வது? இன்றைக்கு இவர் வாயால் சொல்லட்டும். ஆமாம், எனக்கு முன்பே தெரியும், நான்தான் மறைத்தேன், உன் புருஷனுக்குத் தெரியாது என்று அவள் காதில் விழும்படி சொல்லட்டும். அதற்காகவாவது அவள் டீயோடு வருகிறவரைக்கும் இந்தக் கேள்வியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அவள் எதிரில் கேட்க வேண்டும். நர்ஸ் பெண் வந்து இமையை விரித்து இன்னொரு சொட்டு விட்டாள். "இன்னும் விரியலையே தாத்தா" என்றாள். மறுபடியும் எரிச்சல், மறுபடியும் சிவப்பு.  அவர், தெரியாதே சோலை, பிறகுதான் தெரியும் என்று சொல்லிவிட்டால்? அப்போது அந்தக் கைக்கு அர்த்தமே இல்லை, அது வெறும் கை. அப்போது நான் யாரை வெறுத்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்தேன்?

செருப்புச் சத்தம். இழுத்து இழுத்து, எனக்கு நேராக வந்து நின்றது. டீ வாசனை. 

"தோழரா?" என்றாள் இருளாயி.

"இருளாயியா?" என்றார் பத்மநாபன். ஒரு வார்த்தையில் கண்டுபிடித்துவிட்டார். எப்படி? வளையல் விற்க வந்த அன்றைக்குப் பேசினதுதானே?

"எந்தக் கண்ணு தோழர்?"

"ரெண்டும்தான்மா, முதல்ல இடது. நீ யாருக்குத் துணைக்கு வந்தே?"

"இவுகளுக்குத்தான். ஒங்களை ஒட்டித்தான உக்காந்திருக்காக."

பெஞ்சு முனகியது, என் பக்கம் திரும்புகிறார்.

"உசிலம்பட்டிக்காரரா?" என்றார் பத்மநாபன்.

இருளாயி சிரித்துவிட்டாள். எனக்கு முகம் சூடேறியது. இனி மூக்கால் பேசிப் பயன் இல்லை. தொண்டையைத் திறந்தேன், அடக்கிப் பேசத்தான் நினைத்தேன், பழைய குரல் வந்துவிட்டது, பேப்பர் வாசித்தவன்கூட நிறுத்திவிட்டான். "அன்னைக்கு என்னைக் கோஷம் போடச் சொன்னீங்களே, தோள்ல கை வச்சீங்களே, அப்ப உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"தெரியும் சோலை. முந்தின நாள் சாயங்காலமே தெரியும்."

இவ்வளவு சுலபமாக. டீக்கு ஜீனி போதுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல. நான் ஓங்கி வைத்திருந்த கை விழ இடமில்லாமல் நிற்கிறது.

"உனக்கு முந்தி வெளிய வந்ததும் நானே வந்து இருளாயிகிட்டச் சொன்னேனே. அவனுக்குத் தெரியாதும்மா, நான்தான் மறைச்சேன்னு. பிறகும் பல தடவை வந்தேன், நீ ஷிப்டுக்குப் போயிருப்பே. இருளாயி உங்கிட்டச் சொல்லலியா?"

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். வெளிச்சம் மொத்தமும் ஒரே பாய்ச்சலாக உள்ளே பாய்ந்தது. எதிரில் ஓர் உருவம், புடவை நிறம் தெரிகிறது, இரண்டு கையிலும் டம்ளர் மினுங்குகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. "உனக்குத் தெரியுமா? இத்தனை வருஷமும் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் அந்தச் சரி?"

பதில் வந்தது அவளிடமிருந்து இல்லை. பத்மநாபன்தான், கண்ணை மூடியபடியே இருந்திருப்பார், அந்தக் கடைசி வரிசைக் குரல் இப்போது ரொம்பக் கிட்டே கேட்டது. "சொல்லியிருந்தா நீ கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பே சோலை. நீ போனா மத்தவனும் போவான். அதான் சொல்லல."

"போயிருப்பீகளா?" என்றாள் இருளாயி.

அவரிடம் கேட்கவில்லை. முகம் தெரியாவிட்டாலும் எந்தப் பக்கம் பார்த்துக் கேட்கிறாள் என்பது தெரிந்தது. "நீங்க போயிருப்பீகன்னு தோழர் சொன்னாரு. எனக்கு அது தெரியல. நீங்களே ஒரு நாளைக்குச் சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க இவரை ஏசுறதுதான் பாத்தேன்."

போயிருப்பேன் என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடியைக் கீழே போட்டுவிட்டு, தோழர்கள் காறித் துப்பத் துப்ப, வாய்க்கால் ஓரம் ஓடியிருப்பேன். சொல்லிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள், இறங்கிய கொடிக்கு முன்னால் இப்போது சொல்வதற்கு என்ன? ஆனால் அந்த வராந்தா கண்ணுக்குள் நிற்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அத்தனை பேரும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், சூப்பிரண்டு மேஜைக்குப் போகிற வழியில் அத்தனை பேரையும் தாண்டித்தான் போக வேண்டும். வாயைத் திறந்தேன். அடுத்த பிளாக்கை எழுப்பின தொண்டை, அதில் இருந்து காற்றுதான் வந்தது.

"யாரு தாத்தா உங்களைக் கண்ணைத் திறக்கச் சொன்னது? மூடுங்க, மூடுங்க" என்று நர்ஸ் பெண் ஓடி வந்தாள்.

மூடினேன். மறுபடியும் சிவப்பு. இருளாயி என் கையை எடுத்து டம்ளரை வைத்து, விரல்களைச் சுற்றி மடக்கி விட்டாள். டீ நல்ல சூடு. பக்கத்தில் பத்மநாபன் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவருக்கும் அந்தப் பதில் தேவைப்படுவது போல.